பட்டாணித் தோட்டத்துத் துறவி

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி)

மண்ணில் இட்ட விதை சில நாள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது மறைந்துவிட்டதே என்று எந்த உழவனும் கண்ணீர் விடுவதில்லை. மறைந்திருப்பது வேறு, அழிந்துபோவது வேறு என்பதை அவன் அறிவான். இந்த எளிய உண்மையைப் பட்டாணிச் செடியின் துணைகொண்டு, எண்ணிக்கையோடு உலகுக்கு எடுத்துக் காட்டியவர் ஒருவர் உண்டு. அவர் ஓர் ஏழை உழவரின் மகன்; கத்தோலிக்கத் துறவி; ஆசிரியர் தேர்வுக்கு இரண்டு முறை சென்று இரண்டு முறையும் வெற்றியின்றித் திரும்பியவர். அவர்தாம் மரபியலின் தந்தை எனப் போற்றப்படும் கிரிகோர் மெண்டல்.

அறிவியல் புத்தகத்தில் அவருடைய படத்தை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். கட்டம் போட்டு, நெட்டை மூன்று, குட்டை ஒன்று என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். ஆனால் அந்தக் கட்டத்துக்குப் பின்னால் எத்தனை நாள் பசி, எத்தனை தோல்வி, எத்தனை பேருடைய தியாகம் அடங்கியிருக்கின்றன என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. அன்புத் தோழியரே, வாருங்கள், அந்தத் தோட்டத்துக்குள் சற்று நுழைந்து பார்ப்போம்.

ஏழை உழவர் இல்லம்

அன்றைய ஆஸ்திரியப் பேரரசில் சிலேசியா என்னும் பகுதியில் ஹைன்சென்டார்ப் என்றொரு சிற்றூர் இருந்தது. இன்று அது செக் குடியரசில் உள்ளது. அவ்வூரில் அந்தோன், ரோசினா என்னும் உழவர் தம்பதியருக்கு 1822ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஓர் ஆண் மகவு பிறந்தது. யோவான் என்று திருமுழுக்குப் பெயர் இட்டனர். மூத்தவள் வெரோனிகா, இளையவள் தெரசியா. இரு பெண்களுக்கு நடுவில் பிறந்த ஒரே மகன் அவன்.

அக்கால உழவர்களின் வாழ்க்கை கடினமானது. வாரத்தில் மூன்று நாள் நிலப்பிரபுவுக்குக் கூலியின்றி உழைக்க வேண்டும். மீதியுள்ள நாள்களில்தான் சொந்த நிலத்தைக் கவனிக்க முடியும். இத்தனை பாட்டுக்கு இடையிலும் அந்தோன் பழமரங்களை ஆசையோடு வளர்த்தார். நல்ல மரத்தின் கிளையை வேறொரு மரத்தில் ஒட்டுக் கட்டும் கலையை மகனுக்கும் கற்றுத் தந்தார். ஊர்ப் பங்குத்தந்தையும் தோட்டக் கலையில் வல்லவர். பள்ளிச் சிறுவர்களுக்கு அவர் அக்கலையைப் போதித்தார். பின்னாளில் உலகமே வியந்த ஆராய்ச்சியின் முதல் பாடம் அந்தக் கிராமத்துத் தோட்டத்திலேயே தொடங்கிவிட்டது எனலாம்.

சிறுவன் யோவான் படிப்பில் சுட்டி. பதினோரு வயதில் பக்கத்து ஊருக்கும், அதன்பின் டிராப்பாவ் நகரத்து உயர்நிலைப் பள்ளிக்கும் அனுப்பப்பட்டான். முழுச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டப் பெற்றோரால் முடியவில்லை. அரைச் சாப்பாட்டுக்கு மட்டுமே கட்டினார்கள். வளரும் வயதில் அரை வயிற்றோடு அவன் படித்தான்.

1838ஆம் ஆண்டு ஒரு துயரம் நேர்ந்தது. நிலப்பிரபுவின் காட்டில் வேலை செய்தபோது பெரிய மரக்கட்டை ஒன்று உருண்டு தந்தையின் மார்பை நசுக்கியது. அவர் உயிர் பிழைத்தார். ஆனால் முன்போல் உழைக்கும் வலிமை திரும்பவே இல்லை. வீட்டிலிருந்து பணம் வருவது நின்றது. பதினாறு வயது மாணவன், தன்னைவிடச் சிறிய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தன் படிப்பைத் தானே நடத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. உழைப்பும் கவலையும் சேர்ந்து அவனைப் படுக்கையில் தள்ளின.

தங்கையின் சீதனம்

பள்ளிப் படிப்பை முடித்து 1840ஆம் ஆண்டு ஓல்மூட்ஸ் நகரில் மேற்படிப்புக்குச் சேர்ந்தான் யோவான். புதிய ஊரில் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலை கிடைக்கவில்லை. மீண்டும் நோய் வந்தது. ஊருக்குத் திரும்பி ஏறக்குறைய ஓராண்டு வீட்டிலேயே இருந்தான். தந்தையால் இனி நிலத்தைப் பார்க்க இயலாது. மகனுக்கோ ஏரின் மீது நாட்டமில்லை. ஏட்டின் மீதுதான் நாட்டம். ஆகவே 1841ஆம் ஆண்டு மூத்த மகளின் கணவருக்கே நிலம் விற்கப்பட்டது.

அப்போது இளையவளான தெரசியாவின் திருமணத்துக்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தச் சீதனத்தில் ஒரு பகுதியை அவள் அண்ணனின் படிப்புக்காக விட்டுக் கொடுத்தாள். அண்ணனைவிட ஏழு வயது இளையவள் அவள். அப்போது அவளுக்கு வயது பன்னிரண்டு. நம் பள்ளியில் ஏழாம் வகுப்பில் படிக்கும் தங்கைகளின் வயது! சீதனம் இல்லாத பெண்ணுக்கு நல்ல வாழ்க்கை அமைவது அரிது என்றிருந்த காலம் அது. ஆயினும் கொடுத்தாள். யோவான் ஓல்மூட்ஸ் திரும்பிப் படிப்பை முடித்தான்.

மரபியல் என்னும் பெரிய ஆலமரத்தின் அடியில் ஒரு சிறுமியின் சீதனம் புதைந்து கிடக்கிறது. நம் பாடப் புத்தகத்தில் அவள் பெயர் இல்லை. அதனாலேயே இங்கே அதை எழுத விரும்பினேன்.

மடமும் தேர்வும்

மேலும் படிக்கப் பணமில்லை. அவருடைய இயற்பியல் ஆசிரியர் நல்ல வழி ஒன்றைக் காட்டினார். பிரூன் நகரில், அதாவது இன்றைய பிர்னோவில், புனித தோமையார் பெயரால் அகுஸ்தீன் சபையினரின் மடம் ஒன்று இருந்தது. அங்கு இறைப்பணியோடு கல்வியும் ஆராய்ச்சியும் செழித்திருந்தன. 1843ஆம் ஆண்டு அக்டோபரில் மெண்டல் அங்குச் சேர்ந்தார். அங்கேதான் கிரிகோர் என்னும் துறவுப் பெயரைப் பெற்றார். 1847ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்றார்.

முதலில் அவருக்கு நோயாளிகளைச் சந்திக்கும் பணி தரப்பட்டது. ஆனால் பிறர் படும் வேதனையைக் காண அவரால் தாங்க முடியவில்லை. அவரே நோயுற்றார். மடத்து அதிபராயிருந்த அருட்தந்தை சிரில் நாப் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவருடைய மனத்தை அறிந்து, ஸ்னைம் என்னும் ஊரிலிருந்த பள்ளிக்கு ஆசிரியராக அனுப்பினார். வகுப்பறையில் மெண்டல் மலர்ந்தார். மாணவர்கள் அவரை மிகவும் விரும்பினார்கள்.

நிலையான ஆசிரியர் ஆக வேண்டுமானால் அரசுத் தேர்வில் வெற்றி பெற வேண்டும். 1850ஆம் ஆண்டு அத்தேர்வை எழுதினார். இயற்கை வரலாற்றுப் பாடத்தில் அவர் தேறவில்லை! உயிரியலின் வரலாற்றையே மாற்றி எழுதப் போகிறவர் அந்தப் பாடத்தில்தான் தோல்வியுற்றார். அதிபர் நாப் அப்போதும் மனம் தளராமல் அவரை வியன்னாப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். 1851 முதல் 1853 வரை அங்கு இயற்பியல் அறிஞர் டாப்ளரிடமும் தாவரவியல் அறிஞர் உங்கரிடமும் பாடம் கேட்டார். இயற்கையில் நடப்பவற்றை எண்ணிக் கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கம் அவருக்கு அங்கே வலுப்பெற்றது.

1854ஆம் ஆண்டு பிரூன் நகரத்துப் பள்ளியில் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்தார். 1856ஆம் ஆண்டு மீண்டும் தேர்வுக்குச் சென்றார். இம்முறையும் உடல்நலம் குன்றித் தேர்வை முடிக்காமலே திரும்பினார். அதன்பின் அவர் தேர்வுக்குச் செல்லவில்லை. பதினான்கு ஆண்டுகள் அவர் அப்பள்ளியில் கற்பித்தார். பதினான்கு ஆண்டுகளும் தற்காலிக ஆசிரியராகவே இருந்தார்.

தேர்வில் தவறிய அதே 1856ஆம் ஆண்டில்தான் பட்டாணிச் செடிகளில் தம் கலப்பு ஆராய்ச்சியைத் தொடங்கினார் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

பட்டாணித் தோட்டம்

மடத்தின் சன்னல்களுக்குக் கீழே ஒரு சிறு நிலம். நீளம் 35 மீட்டர். அகலம் 7 மீட்டர். அதுவே அவருடைய ஆராய்ச்சிக்கூடம்.

பட்டாணியை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார்? அது சாதாரண உணவுப் பயிர், எளிதில் கிடைக்கும், ஒரே பருவத்தில் காய்த்துவிடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு. பட்டாணிப் பூவின் அடியிதழ்கள் இரண்டும் படகுபோல் மூடியிருக்கும். அதற்குள்ளேயே மகரந்தமும் சூலகமும் இருப்பதால் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும். வேற்று மகரந்தம் தானாக நுழைவது அரிது. எனவே எந்தச் செடியோடு எந்தச் செடி சேர வேண்டும் என்பதை ஆராய்ச்சியாளரே முடிவு செய்யலாம்.

விதை வணிகர்களிடமிருந்து 34 வகைப் பட்டாணிகளை வாங்கினார். அவை கலப்பில்லாதவையா என்று இரண்டு ஆண்டுகள் வளர்த்துப் பார்த்தார். அவற்றிலிருந்து 22 வகைகளைத் தெரிந்துகொண்டார். நன்கு வேறுபட்டுத் தெரியும் ஏழு பண்புகளைக் கவனித்தார். விதை உருண்டையா, சுருங்கியதா? உள்ளே மஞ்சளா, பச்சையா? செடி நெட்டையா, குட்டையா? பூ ஊதாவா, வெள்ளையா? காயின் வடிவம் என்ன, நிறம் என்ன? பூக்கள் தண்டின் பக்கத்திலா, நுனியிலா?

மொட்டு மலருமுன் அதை மெல்லத் திறந்து, இடுக்கியால் மகரந்தத் தாள்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுப்பார். பிறகு வேறு செடியின் மகரந்தத்தை அதன் சூலகமுடியில் தடவுவார். இப்படி ஒரு பூவா, இரு பூவா! எட்டு ஆண்டுகளில் அவர் வளர்த்து ஆராய்ந்த செடிகள் ஏறக்குறைய 28,000 என்பர்.

உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது கிடைத்த விதைகள் எல்லாம் உருண்டையாகவே இருந்தன. சுருக்கம் எங்கே போயிற்று? கண்டவர் எவரும் அது அழிந்துவிட்டது என்றே சொல்லியிருப்பர். மெண்டல் அவ்வாறு சொல்லவில்லை. அந்த உருண்டை விதைகளை நட்டு, தம்மாலேயே கருவுற விட்டார். அடுத்த தலைமுறையில் 253 செடிகளிலிருந்து 7324 விதைகள் கிடைத்தன. அவற்றைப் பொறுமையோடு பிரித்து எண்ணினார். உருண்டை 5474, சுருங்கியவை 1850. மூன்றுக்கு ஒன்று! மறைந்த சுருக்கம் ஒரு குறையும் இன்றித் திரும்பி வந்தது. மற்ற ஆறு பண்புகளிலும் ஏறத்தாழ இதே கணக்கு வந்தது.

இதற்கு அவர் கண்ட விளக்கம் இது: ஒவ்வொரு பண்புக்கும் செடியில் இரண்டு காரணிகள் உள்ளன. ஒன்று தாயிடமிருந்தும் ஒன்று தந்தையிடமிருந்தும் வருகிறது. இரண்டும் சேர்ந்திருந்தாலும் பாலும் தண்ணீரும்போல் கலந்து கரைந்துவிடுவதில்லை. ஒன்று ஓங்கி நிற்கிறது. மற்றொன்று ஒடுங்கி நிற்கிறது. அடுத்த தலைமுறைக்குச் செல்லும்போது இரண்டும் மீண்டும் தனித்தனியே பிரிகின்றன. ஒடுங்கிய காரணிகள் இரண்டு ஒரு விதையில் சந்திக்கும்போது ஒடுங்கிய பண்பு வெளியே தெரிகிறது. நான்கில் ஒரு முறை அது நிகழ்கிறது. ஒடுங்கியது என்பதால் அது அழிந்ததாகாது. மெண்டலின் கண்டுபிடிப்பை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

கேட்டவர் உண்டு, உணர்ந்தவர் இல்லை

1865ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாளும் மார்ச் 8ஆம் நாளும் பிரூன் இயற்கை அறிவியல் கழகத்தில் தம் ஆராய்ச்சியை அவர் வாசித்தார். மறு ஆண்டு அது கழகத்தின் இதழில் அச்சாயிற்று. அவ்விதழ் ஐரோப்பாவின் பல நூலகங்களுக்கும் சென்றது. மெண்டல் 40 தனிப்படிகள் பெற்றுச் சில அறிஞர்களுக்கு அனுப்பினார். தாவரங்களைப் பற்றிய கட்டுரையில் கணக்கு எதற்கு என்று பலரும் எண்ணினார்கள் போலும். அதன் பெருமையை உணர்ந்தவர் எவருமில்லை.

மூனிச் நகரத்துப் பேராசிரியர் நேகெலி மட்டும் அவரோடு பல ஆண்டுகள் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். ஆனால் பட்டாணியில் கண்ட விதியை அவர் முழுமையாக ஏற்கவில்லை. தமக்குப் பிடித்த ஹைராசியம் என்னும் காட்டுப் பூச்செடியில் ஆராயுமாறு தூண்டினார். மெண்டல் மிகச் சிறிய அந்தப் பூக்களோடு கண் வலிக்க வலிக்கப் போராடினார். பட்டாணியில் கண்ட கணக்கு அதில் வரவேயில்லை. அச்செடி பெரும்பாலும் கருவுறாமலேயே விதை உண்டாக்கும் இயல்புடையது. ஆகவே பிள்ளைச் செடிகள் தாயையே ஒத்திருக்கும். இந்த இரகசியம் அப்போது எவருக்கும் தெரியாது. சரியான விதியைக் கண்டவர் தவறான செடியின் முன் நின்று தவித்தார்.

1868ஆம் ஆண்டு அவரே மடத்து அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பொறுப்புகள் பெருகின, ஆராய்ச்சி குறைந்தது. 1874ஆம் ஆண்டு மடங்களின் சொத்துக்கு அரசு புதிய வரி விதித்தது. அது நீதியற்றது என்று கருதிய மெண்டல் அதைக் கட்ட மறுத்தார். நண்பர்கள் விலகினார்கள். தனிமையிலும் அவர் தம் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை. தேனீக்களும், நாள்தோறும் குறித்து வந்த வானிலைக் குறிப்புகளும் அவருக்குத் துணையாயின.

தங்கையை அவர் மறந்தாரா? இல்லை. தெரசியாவின் மூன்று ஆண் மக்களின் படிப்புக்கும் அவரே உதவினார். அவர்களுள் இருவர் மருத்துவர் ஆயினர். பிறந்த ஊரில் தீயணைப்பு நிலையம் அமைக்கவும் பணம் கொடுத்தார். பன்னிரண்டு வயதுத் தங்கை இட்ட விதை இவ்வாறு அவள் வீட்டிலேயே முளைத்தது.

1884ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், மூன்று இராஜாக்கள் திருநாளன்று, சிறுநீரக நோயால் அவர் இறைவனடி சேர்ந்தார். அவருடைய அடக்கத் திருப்பலியின் இசையைப் புகழ்பெற்ற இசை அறிஞர் யானாச்செக் நடத்தினார். ஏழைகள் திரளாக வந்து அழுதனர். நல்ல குருவை இழந்தோம் என்று ஊர் வருந்தியது. உலகப் பெரும் அறிஞர் ஒருவரை இழந்தோம் என்பது ஊருக்கும் தெரியாது, உலகுக்கும் தெரியாது.

பதினாறு ஆண்டுகள் கழிந்தன. 1900ஆம் ஆண்டு டிவிரிஸ், காரென்ஸ், ஷெர்மாக் என்னும் மூன்று தாவரவியல் அறிஞர்கள் தனித்தனியே ஆராய்ந்து இத்தகைய முடிவுகளுக்கு வந்தனர். முன்னோர் எவரேனும் இதை எழுதியிருக்கிறார்களா என்று பழைய இதழ்களைப் புரட்டினர். அங்கே மெண்டலின் கட்டுரை காத்திருந்தது. ஒடுங்கிக் கிடந்தது ஒரு தலைமுறை கழித்து வெளிப்பட்டது!

விதைக்குள் என்ன?

காரணி என்று மெண்டல் சொன்னாரே, அது உண்மையில் என்ன? அதைப் பார்க்கும் கருவி அவர் காலத்தில் இல்லை. 1944ஆம் ஆண்டு ஏவரி என்பவரும் அவருடைய தோழர்களும் பாரம்பரியத்தைச் சுமப்பது டி.என்.ஏ. என்னும் பொருளே என்று பாக்டீரியாக்களைக் கொண்டு காட்டினர். 1953ஆம் ஆண்டு அதன் முறுக்கேணி வடிவம் தெரிய வந்தது. அதை அறிய உதவிய படங்களை எடுத்த ஆய்வுக்குழுவுக்கு வழிகாட்டியவர் ரோசலின்ட் பிராங்கிளின் என்னும் பெண்மணி என்பது நமக்குப் பெருமை. நான்கே வகை எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட ஏடு போன்றது டி.என்.ஏ. அதில் ஒவ்வொரு வேலைக்கும் உரிய பகுதியே மரபணு.

சுருங்கிய பட்டாணியின் இரகசியம் 1990ஆம் ஆண்டு வெளியாயிற்று. இங்கிலாந்தில் நாரிச் நகரிலுள்ள ஜான் இன்ஸ் ஆய்வு நிலையத்தார் அதைக் கண்டறிந்தனர். பட்டாணி விதையில் சர்க்கரை மாவுச்சத்தாக மாற வேண்டும். அம்மாவுச்சத்தைக் கிளை கிளையாகக் கட்டுவதற்கு ஒரு நொதி தேவை. உருண்டை விதையில் அந்த நொதிக்கான மரபணு ஒழுங்காக இருக்கிறது. சுருங்கிய விதையிலோ அந்த மரபணுவின் நடுவில் ஏறக்குறைய 800 எழுத்துகள் வேண்டாத விருந்தாளிபோல் புகுந்து உட்கார்ந்திருக்கின்றன. ஆதலால் நொதி உண்டாவதில்லை. மாவுச்சத்து குறைகிறது; சர்க்கரை மிகுகிறது. சர்க்கரை தண்ணீரை இழுக்கும் அல்லவா? இளம் விதை தண்ணீரைக் குடித்துப் பருக்கிறது. முற்றிக் காயும்போது தண்ணீர் வெளியேற, பெரிதாக விரிந்திருந்த தோல் சுருங்கி மடிகிறது. இதுவே சுருக்கத்தின் கதை.

உருண்டைப் பண்பு ஏன் ஓங்கி நிற்கிறது என்பதும் இதனால் விளங்குகிறது. இரண்டு மரபணுக்களில் ஒன்று ஒழுங்காக இருந்தாலே போதும். அது உண்டாக்கும் நொதி விதையை உருண்டையாக்கிவிடும். கெட்டுப்போன மற்றொன்று பேசாமல் உடன் இருக்கும், அவ்வளவே.

அந்த 800 எழுத்துகள் எங்கிருந்து வந்தன? இங்கே இன்னொரு பெண்மணியைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பார்பரா மெக்ளின்டாக் என்பவர் மக்காச்சோளத்தை ஆராய்ந்தார். ஒரே கதிரில் சோளமணிகள் புள்ளியும் கோடுமாகப் பல நிறம் காட்டுவது ஏன் என்று அவர் கேட்டார். சில மரபணுக்கள் ஓரிடத்தில் நில்லாமல் தாவிச் சென்று வேறிடத்தில் அமர்கின்றன என்று 1940களில் கண்டார். பலர் நம்பவில்லை. அவர் சோர்ந்துவிடாமல் தம் வயலில் தொடர்ந்து உழைத்தார். 1983ஆம் ஆண்டு, 81 வயதில், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மெண்டலின் சுருங்கிய பட்டாணியில் புகுந்திருந்த துண்டு, மெக்ளின்டாக் மக்காச்சோளத்தில் கண்ட தாவும் துண்டுகளின் இனத்தைச் சேர்ந்தது! மெண்டல் தம் கையில் எடுத்து எண்ணிய 1850 விதைகளிலும் அது ஒளிந்திருந்தது.

மற்ற பண்புகளின் காரணிகளும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. குட்டைச் செடியில் ஜிப்ரலின் என்னும் வளர்ச்சிப் பொருளை ஆக்கும் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று 1997ஆம் ஆண்டு தெரிந்தது. ஒரே ஓர் எழுத்து! 2007ஆம் ஆண்டு மஞ்சள், பச்சை நிறத்துக்கு உரியதும், 2010ஆம் ஆண்டு பூவின் நிறத்துக்கு உரியதும் தெரிந்தன. எஞ்சிய மூன்று பண்புகளுக்கான விடை 2025ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதற்காக ஏறக்குறைய 700 வகைப் பட்டாணிகளின் டி.என்.ஏ. படிக்கப்பட்டது. மெண்டல் எழுதிய கணக்குக்கு முழு விடை கிடைக்க 160 ஆண்டுகள் ஆயின.

எங்கள் வீட்டுச் சமையலறையில்

இந்தக் கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் அம்மா குருமாவுக்குப் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். பச்சையாக வாயில் போட்டால் இனிக்கும் பட்டாணி, பெரும்பாலும் காய்ந்தபின் சுருங்கும் வகைதான். நாம் சுண்டலுக்கு ஊறவைக்கும் உருண்டைப் பட்டாணியில் மாவு அதிகம் என்று நான் சொன்னேன். கெட்டுப்போன மரபணுதான் இனிப்பைத் தருகிறது என்று கேட்டு அம்மா சிரித்தார்கள். பிறகு தெரசியாவின் கதையைச் சொன்னேன். அம்மாவின் கை நின்றுவிட்டது.

அன்றுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. தாத்தா நோயில் விழுந்தபோது வீட்டில் ஒருவரைத்தான் படிக்க வைக்க முடிந்தது. எட்டாம் வகுப்பில் முதலாவதாக வந்த அம்மா, தம் புத்தகங்களைத் தாமே கட்டிப் பரணில் வைத்துவிட்டு, மாமா படிக்கட்டும் என்று வீட்டில் இருந்துவிட்டார்களாம். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் என் பள்ளிக் கட்டணத்தோடு மாமா ஏன் வருகிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்கு வசதி இருக்கிறது, கொடுக்கிறார் என்றே எண்ணியிருந்தேன். படிக்க ஆசையாக இருந்ததா என்று அம்மாவிடம் கேட்டேன். பட்டாணியைப் பார்த்துக்கொண்டே, இருந்தது என்று மட்டும் சொன்னார்கள்.

இந்த ஆண்டு அரையாண்டுத் தேர்வில் கணக்கில் நான் வாங்கிய மதிப்பெண்ணை அம்மாவிடம் காட்ட அஞ்சி இரண்டு நாள் மறைத்து வைத்திருந்தேன். அன்று இரவு எடுத்துக் காட்டினேன். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, மெண்டல் எத்தனை முறை தவறினார் என்று கேட்டார்கள். இரண்டு முறை என்றேன். உனக்கு இன்னும் ஒரு முறை இருக்கிறது என்றார்கள்.

முடிவுரை

அன்புத் தோழியரே! தேர்வுத்தாளில் குறைந்த மதிப்பெண் நம் முழு அளவு அன்று. வெளியே தெரிவது மட்டுமே நம்மிடம் உள்ளதும் அன்று. நமக்குள் ஒடுங்கிக் கிடக்கும் திறமை ஒன்று தன் காலம் வரும்போது வெளிப்படும். ஆனால் அது வெளிப்பட மெண்டலைப்போல் நட வேண்டும், காக்க வேண்டும், பொறுமையோடு எண்ண வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நாம் இந்த வகுப்பறையில் உட்கார்ந்திருப்பதற்காக யாரோ ஒருவர் தம் பங்கைப் பேசாமல் விட்டுக் கொடுத்திருக்கிறார். அவர் அம்மாவாக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம். அவர்களை நாம் தேடிக் கண்டுபிடித்து நன்றி சொல்வோம். தம்பியோ தங்கையோ படிப்பதற்காக மற்றொரு பெண் தன் புத்தகங்களைப் பரணில் கட்டி வைக்க வேண்டிய நிலை இனி எந்த வீட்டிலும் வராதிருக்க நாம் படித்து உழைப்போம்.

மெண்டலுக்கு அவருடைய காலத்தில் கிடைக்காத புகழ் இன்று உலகெங்கும் கிடைக்கிறது. அதில் ஒரு பங்கு தெரசியாவுக்கும் உரியது. எங்கள் வீட்டில் எனக்குக் கிடைக்கும் எந்தப் பரிசிலும் ஒரு பங்கு அம்மாவுக்கு உரியது. அந்தப் பங்கைத் திருப்பித் தருவதற்காகவே இந்த ஆண்டு இறுதித் தேர்வுக்குக் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறேன்.